மூன்றாவது கியர் ஏன் நழுவியது

கொழுந்தனார் மேசை விரிப்பின் முனைகளைப் பிடித்து மூட்டையாகக் கட்டத் தூக்கினார். மேலிருந்த பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன.

“கையை எடுங்க தம்பி!”

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் சவப்பெட்டிக்குள் கிடக்கும்போது இந்தக் குரலா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கொழுந்தனார் விரிப்பை விடும்வரை அவள் நகரவில்லை.

“நாற்காலி போடணும் அண்ணி. வந்தவங்க எல்லாம் நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். கால் வலிச்சு யாரும் செத்துட மாட்டாங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. கொழுந்தனார் விரிப்பை நீவிவிட்டார். “சாயந்திரம் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

நான்கு மாதமாக அந்த அறையில் யாரும் சாப்பிட்டதில்லை. மருந்துக்கடையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அக்கக்காகப் பிரித்து, சாப்பாட்டு மேசைமேல் பரப்பியிருந்தார். போல்ட்டும் நட்டும் மாத்திரை டப்பாக்களில். டப்பாமேல் அவர் கையெழுத்தில் எண்கள். மூன்றாவது கியருக்கு மாறும்போது வண்டி இழுக்காமல் வெறுமனே உறுமியது, அதுதான் கோளாறு. மெக்கானிக் கியர்பாக்ஸையே மாற்றிவிடச் சொன்னார். “மாத்தினா வண்டி ஓடும். ஏன் ஓடலைன்னு தெரியாமப் போயிடுமே” என்றார் இவர். தெருவில் அவருக்கு ‘ஏன் சார்’ என்றுதான் பெயர்.

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு இந்த அறையிலிருந்து கத்தினார். “கண்டுபிடிச்சுட்டேன்! சீக்கிரம் வா!”

“அடுப்புல பால் இருக்கு. வர்றேன், இருங்க.”

பால் காய்ந்தது, அடுப்பைத் துடைத்தாள், பாத்திரத்தைக் கழுவிவைத்தாள். பத்து நிமிஷம் கழித்துப் போனபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

வருகிறவர்கள் எல்லாரும் எப்படிப் போனார் என்றே கேட்டார்கள். அவளுக்கு அது தெரியும். என்னத்தைக் கண்டுபிடித்தார் என்பதுதான் தெரியவில்லை. நாலு மாதம் தேடியதைச் சொல்லக் கூப்பிட்ட மனிதரைப் பால் பாத்திரத்துக்காகக் காக்கவைத்துவிட்டோமே என்று மனசு பிடுங்கித் தின்றது. இன்று சாயந்திரம் இதெல்லாம் இரும்புக்கடைக்குப் போய்விட்டால் இனி எந்த ஜென்மத்திலும் தெரியப்போவதில்லை.

பத்து மணிக்கு மெக்கானிக் பூவோடு வந்தார். பூவைப் பெட்டிமேல் வைத்ததுதான் தாமதம், அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாப்பாட்டு அறைக்கு இழுத்துவந்தாள்.

“என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க.”

“அக்கா, இப்பவா?”

“வேற எப்ப? பாருங்க.”

மெக்கானிக் தயங்கித் தயங்கிக் குனிந்தார். ஒவ்வொரு பாகமாகத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். முதலில் இரக்கத்துக்காகப் பார்த்தவர், கொஞ்ச நேரத்தில் தன்னை மறந்துவிட்டார். மேசையோரத்தில் ஒரு தட்டு நிறைய சிவப்பு எண்ணெய், அதில் வட்ட வட்டமாகப் புதுத் தகடுகள்.

“கிளட்ச் தகடுக்கா. திரும்பக் கோக்குறதுக்கு முன்னாடிதான் இதை ஊறவைப்போம்.” அவர் குரல் மாறியது. “அப்படின்னா மனுஷன் நிஜமாவே கண்டுபிடிச்சிருக்காரு!”

“எதை?”

“அதான் புரியல. எல்லாத்தையும் கழுவித் துடைச்சு வச்சிருக்காரே.”

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். அவருடைய நாற்காலிக்கு எதிரே சமையலறை ஸ்டூல் கிடந்தது. அது எப்போது இங்கே வந்தது? அதன்மேல் செய்தித்தாள் நான்காக மடித்து விரித்திருந்தது. புடவையில் எண்ணெய்க் கறை ஒட்டுகிறது என்று நாலு மாதமாக அவள் போடாத சண்டை இல்லை.

அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேர் எதிரே அவள் பால் அளக்கும் டம்ளர் கவிழ்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை இழுத்து மாட்டியிருந்தார். பூதக்கண்ணாடியின் கைப்பிடி அவள் பக்கம் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். இழுபட்ட ரப்பரில், நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல் வாயைத் திறந்திருந்தது.

“இது என்ன?”

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். “அட! பிஸ்டன் சீல். இது கிழிஞ்சா எண்ணெய் கசிஞ்சிடும்க்கா, தகடுகளை அழுத்திப் பிடிக்கப் பலம் பத்தாது. அதான் மூணாவது கியர் வழுக்கியிருக்கு. டம்ளர்ல மாட்டலைன்னா இந்தக் கிழிசல் கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது.”

நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணாடியைக் கீழே வைக்காமலே அழுதாள். கண்ணீர் மறைத்தபோது துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மகள் வாசற்படியில் வந்து நின்றாள். “அம்மா, தூக்கப் போறாங்க. வாம்மா.”

அவள் காதில் அது விழவில்லை. “இதே கிளட்ச்தான் ரிவர்ஸுக்கும்னு சொல்லிட்டிருந்தாரே” என்றாள் மெக்கானிக்கிடம். “அப்போ ரிவர்ஸ் மட்டும் ஏன் ஒழுங்காப் போச்சு?”

மெக்கானிக் பிடரியைச் சொறிந்தார். “ஆமால்ல… தெரியலையேக்கா.”

அவள் ஸ்டூலில் இருந்தபடியே கூடத்துப் பக்கம் திரும்பி, “ஏங்க!” என்று கூப்பிட்டாள்.

பெட்டியைத் தூக்கக் குனிந்த நான்கு பேரும் அப்படியே நின்றார்கள்.