டிரெய்லரில் ஏறாதவள்

ரேடியேட்டர் மூடியின் மேல் துண்டைப் போட்டுக் கையை வைத்தார் ஆர்லன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். இது மூன்றாவது தடவை.

“அதைத் தொறக்காதேப்பா,” என்றார் டுவேன். “மூஞ்சி வெந்துடும். இந்தச் சர்ச்சுக்கு இன்னிக்கு ஒரு சாவு போதும்.”

ஆர்லன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, அதற்கு மேல் கோழிக்குஞ்சுப் படம் போட்ட சமையலறைத் துண்டு. காலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பளபளப்பாக்கிய ஷூவைச் சுற்றி, ரேடியேட்டரிலிருந்து வழிந்த கூலன்ட் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. சர்ச்சின் பின்புறம், ஜூலை வெயிலில், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மனைவி ராக்ஸேனின் கார் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ராக்ஸேன் உள்ளே, பூக்களுக்கு நடுவே, ஒரு செம்புச் சாடியில் சாம்பலாக இருந்தாள்.

மணி பத்து இருபது. பதினொன்றுக்குப் பிரார்த்தனை. பன்னிரண்டுக்கு ஒன்பது மைல் தள்ளியிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மருத்துவமனைக் கட்டிலைக் கூடத்தில் கொண்டுவந்து போட்ட அன்று சொன்னாள். “அந்த நீளக் கறுப்பு வண்டியில என்னை ஏத்தாதே. என் கார்ல, முன் சீட்டுல. நீ ஓட்டு.” சரி என்றார். அவள் கேட்டு அவர் இல்லையென்று சொன்னதாக முப்பத்தெட்டு வருஷத்தில் பதிவு இல்லை. சொல்லிப் பயனிருந்ததாகவும் இல்லை.

அறுபத்தொன்பதில் செய்த வண்டி. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, மூக்குக்குள் எட்டு சிலிண்டர். பட்டாணிப் பச்சை. நின்ற இடத்தில் உறுமினாலே எதிர்வீட்டுச் சன்னல்கள் பல்லைக் கடிக்கும். ராக்ஸேன் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வாரநாட்களில் மணிக்கு இருபத்தைந்து மைல், ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் நூற்றுப்பத்து. ஆர்லன் அதே பள்ளியில் நூலகர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பது. குளிர்காலத்தில் அதிலும் சந்தேகம் வரும்.

காலையில் வீட்டிலிருந்து வரும்போது வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. சர்ச்சுக்கு வந்ததும் அவளுடைய கார் கிளப்பின் கிழவர்கள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஆர்லனும் பெருமையாக எஞ்சினை ஓடவிட்டு இறங்கி நின்றார். கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். சர்ச்சுக்குள் இத்தனை பக்தியாக அவர்கள் நின்று யாரும் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் பானட்டுக்கு அடியிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது.

மூன்று பேர் நாலு நோய் சொன்னார்கள். தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டது என்றார் ஒருவர். வாட்டர் பம்ப் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, உள்ளுக்குள் பரவியிருக்கும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். சொன்ன பிறகுதான் யாருடைய சாவுக்கு, எந்த நோயில் போனவளுடைய சாவுக்கு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது போல. கையிலிருந்த தொப்பிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

நாலாமவரான டுவேன் மட்டும் நோய் சொல்லவில்லை. “என் டிரெய்லர் அந்தப் பக்கம்தான் நிக்குது,” என்றார். “சும்மா, ஒரு முன்ஜாக்கிரதைக்குக் கொண்டாந்தேன். அவளை முன் சீட்டுலயே வச்சு, காரோட ஏத்திக் கட்டிடலாம். கார் போன மாதிரியும் ஆச்சு.”

கார் கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏறி வந்து, டிரெய்லரில் ஏறித் திரும்பும் கார்களுக்கு ராக்ஸேன் வைத்திருந்த பெயர் மகாராணிகள். டுவேனின் சிவப்புக் காரும் மகாராணிதான். ‘டயர் எதுக்கு டுவேன், கழட்டி வித்துடேன்’ என்று வருஷா வருஷம் கேட்பாள். ஒரு தடவை கியர்பாக்ஸ் பல் உடைந்து இரண்டாம் கியரிலேயே நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே டுவேன் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஹாரன் அடித்துக் கெஞ்சியபடி வந்தார். அவளைச் சாம்பலாக்கித்தான் டிரெய்லரில் ஏற்ற முடிந்தது என்று இந்த ஊர் பேசும். பேசாவிட்டாலும் ஆர்லனுக்குக் கேட்கும்.

“ரெண்டு நிமிஷம் என்னை விடுங்க,” என்றார். கிழவர்கள் காப்பி குடிக்கப் போனார்கள். டுவேன் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

ராக்ஸேனுக்குப் போன் வரும். எப்போதும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் வரும். மூன்று மாவட்டங்களில் யார் கார் கொதித்தாலும் அவளுக்கு வரும். உருளைக்கிழங்கை மென்றுகொண்டே எடுப்பாள். எதிராளி என்ன அழுதாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி. ‘நிக்கும்போது கொதிக்குதா, ஓடும்போது கொதிக்குதா?’ ஓடும்போது என்றால் தண்ணியைப் பாரு என்பாள். நிற்கும்போது என்றால் காத்தைப் பாரு என்பாள். பாதிப் பேருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. வண்டியைக் கண்ணால் பார்க்காமல், எழுந்து கைகூடக் கழுவாமல், எண்பது மைல் தூரத்தில் நிற்கும் எஞ்சினை அவள் எழுப்பி நடக்கவிடுவதை ஆர்லன் ஆயிரம் இரவு பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிழங்கு போடட்டுமா என்று கேட்பார். அந்தக் குடும்பத்தில் அவருடைய இலாகா அது.

வரும்போது மணிக்கு அறுபது மைலில் வந்தார். சூடு காட்டும் முள் அசையவில்லை. இங்கே நின்றதும் ஏறியது.

“நின்னாத்தான் கொதிக்குது,” என்றார், டுவேனுக்கும் கேட்கும்படி. “காத்து.”

குனிந்து பார்த்தார். ரேடியேட்டர். அதற்குப் பின்னால் அரையடி தள்ளி விசிறி, வெள்ளிபோல மின்னியது. நடுவில் ஒன்றும் இல்லை. ரேடியேட்டரின் ஓரத்தில் நான்கு திருகு ஓட்டைகள் காலியாக இருந்தன.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

மே மாதம் அவள் படுத்த படுக்கையானதும், அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எஞ்சினைத் துடைக்கப் போனார். பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்து நாலு நாள் தேய்த்தார். விசிறியைச் சுற்றி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வளையம், ஓரத்தில் விரிசல் விட்டு, அழகையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது. நான்கு திருகைக் கழற்றினார். விசிறியில் இடித்து வளையம் வெளியே வரவில்லை. நூலகத்தில் மாட்டிக்கொண்ட இழுப்பறையை என்ன செய்வாரோ அதையே செய்தார். இரண்டாக உடைத்து எடுத்தார். செவ்வாய்க்கிழமைக் குப்பையில் போட்டார். விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதே அந்த வளையத்தால்தான் என்பது அவருக்கு இப்போது, இரண்டு மாதம் கழித்து, சாவு வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது புரிந்தது.

அது மட்டும் என்றால் தாங்கிக்கொண்டிருப்பார்.

துடைத்து முடித்ததும் படம் எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் காட்டினார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எண்பது மைல் தள்ளியிருக்கும் காரில் எந்தப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவள். பதினெட்டு வருஷத்துக்கு முன்பு ஆர்லன் தப்பான எண்ணெய் ஊற்றியதை கிறிஸ்துமஸ் விருந்தில் வருஷம் தவறாமல் சொல்லிக்காட்டியவள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கையைத் தட்டினாள். “அழகா இருக்குய்யா,” என்றாள்.

“என்ன?” என்றார் டுவேன் பக்கத்தில் வந்து.

ஆர்லன் காலி ஓட்டைகளைக் காட்டினார். டுவேன் பார்த்தார். விசிறியைப் பார்த்தார், ஆர்லனைப் பார்த்தார். இந்த ஊரில் ஒரு மனிதனை இருபது வருஷத்துக்குக் கேலி செய்யப் போதுமான சரக்கு அது.

“அவளுக்குத் தெரியுமா?”

“பார்த்தா.”

டுவேன் தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு கேலியை விட்டுவிட்டு வேலைக்கு வந்தார். அட்டையை வெட்டி வளையமாகக் கட்டினால் விசிறி மென்று துப்பிவிடும். இன்று புதிது கிடைக்காது. “நிக்கவே விடாதே,” என்றார். “ஏறின உடனே ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ண உடனே கிளம்பு. ஹீட்டரை முழுசாத் தொறந்து விடு. அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான்.”

“தொண்ணூறு டிகிரி வெயில் டுவேன்.”

“வளையத்தை ஒடைச்சவன் வேகட்டும்.”

சவ அடக்க நிறுவனத்தின் பிரெண்டிஸ் ஓடாத கடிகாரம் மாதிரி அமைதியான மனிதர். ஊர்வலம் நிற்காமல் அறுபதில் போக வேண்டும் என்று ஆர்லன் சொன்னதும் அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ நகர்ந்தது. “சார், ஊர்வலம்னா இருபது மைல்தான். மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.”

“அவளுக்கு மரியாதை அறுபதுல இருந்துதான் ஆரம்பிக்கும்,” என்றார் ஆர்லன். இதைச் சொன்னது தானா என்று அவருக்கே வியப்பு.

வழியில் இருப்பது ஒரே ஒரு சிக்னல். அதில் சிவப்பு விழுந்தால் கதை முடிந்தது. அதைத் தான் பார்த்துக்கொள்வதாக டுவேன் சொன்னார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பிரார்த்தனையில் கடைசிப் பாட்டுக்கு முன்பே அவர் இடம் காலியாக இருந்தது.

பாதிரியார் என்ன பேசினார் என்று ஆர்லனுக்குத் தெரியாது. வெளியே எஞ்சின் ஆறிக்கொண்டிருப்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். ஆறிய பிறகு தண்ணீரை நிரப்பினார். சாடியை முன் சீட்டில் வைத்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். பின்னால் பதினாலு கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தன.

சாவியைத் திருப்பினார். சரியான பக்கம்தான் திருப்பினார்.

ஊர் எல்லை தாண்டியதும் அழுத்தினார். ஹீட்டர் முகத்தில் அனலாக வீசியது. சன்னல்கள் திறந்திருந்தும் சோளக்காட்டுக் காற்று கொதிக்கக் கொதிக்க வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் ராக்ஸேன் தன் கையால் மாட்டிய சூடு காட்டும் முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது; இருநூற்று முப்பதைத் தாண்டினால் ஆபத்து. வேகம் ஐம்பது, ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு. கண்ணாடியில் பார்த்தார். பிரெண்டிஸின் காலி கறுப்பு வண்டி பின்னால் தாவித் தாவி வந்தது, அதன் கொடி விறைத்து நின்றது. அதற்குப் பின்னால் கிழவர்கள் ஒருவர்கூடப் பின்தங்கவில்லை. வழியில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் தொப்பியைக் கழற்றுவதற்குள் ஊர்வலமே கடந்துவிட்டது.

சிக்னல் தூரத்தில் தெரிந்தது. சிவப்பு. குறுக்குச் சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு டுவேனின் லாரியும் டிரெய்லரும் ஒரு பக்கம் நின்றன. மறுபக்கம் சாலை நடுவில் டுவேன், வெறுங்கையை நீட்டி ஒரு பால் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். ஆர்லன் பிரேக்கைத் தொடவில்லை. கடக்கும்போது டுவேனின் வாய் அசைந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் கேட்டிலிருந்து சரளைப் பாதை. நடந்து போகிறவனின் வேகம்தான் அங்கே. முள் எழுந்தது. இருநூறு, இருநூற்றுப் பத்து. ஆர்லன் மேட்டின் உச்சிக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சரிவில் விட்டார். உருள விட்டார். சரளைக்கல் டயருக்கு அடியில் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தோண்டி வைத்திருந்த சின்னக் குழிக்கு நேராக, மேப்பிள் மரத்தடியில், வண்டி தானாக வந்து நின்றது.

பின்னால் கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பாதிரியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஆர்லனின் சட்டை காலர்வரை நனைந்திருந்தது. முகத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையெடுக்கவில்லை.

அணைத்த பிறகும் எஞ்சினில் சூடு கொஞ்ச நேரம் ஏறும். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதினைந்து. இருநூற்று இருபது. அங்கே நின்றது.

யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. டுவேனின் லாரி காலி டிரெய்லர் கடகடக்க வந்து நின்று, அவரும் இறங்கி, வரிசையில் சேர்ந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இருநூற்றுப் பதினெட்டுக்கு வந்ததும் ஆர்லன் பக்கத்துச் சீட்டின் பெல்ட்டை விடுவித்தார்.