முடிவு வரும்வரை ஐந்து நாள்

ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. பன்னுக்குள் கிரீம் அடைக்கும் வரிசையில் பதினோரு வருடமாக நிற்கிறவள். சுவரில் ஒட்டிய எந்த நோட்டீஸையும் கடைசி வரி வரை படிக்காமல் நகரமாட்டாள் என்பதால் வந்த பட்டம் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டன. சோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்ட டாக்டர், முடிவு வர ஐந்து நாளாகும் என்றார். "திங்கிற பொருள்ல கை வைக்கிற வேலை உங்களுது. முடிவு தெரியிற வரைக்கும் அந்தப் பக்கமே போகக்கூடாது" என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது. அதற்காகவே காத்திருந்ததுபோல் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"குரலைக் கேட்டா நல்லாத்தானே இருக்கீங்க? நாளைக்கு வந்துடுங்க. ஆள் இல்லாம திண்டாடறோம்."

"முடிவு வரலையே சார்."

"நோய்னா சர்ட்டிபிகேட் குடுங்க, லீவு போடறேன். நோயில்லைன்னா வேலைக்கு வாங்க. ரெண்டும் இல்லாம நடுவுல நின்னா உங்களை நான் எதுல சேர்க்கிறது?"

"நடுவுல நிக்கறவங்களுக்குன்னே அரசாங்கம் உதவித்தொகை குடுக்குது சார். முடிவு வர்ற வரைக்கும் போகாதேன்னு டாக்டர் சொன்ன நாளுக்கெல்லாம் உண்டு. நம்ம வருகை மெஷினுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கே! பாரத்தோட மூணாவது பக்கத்துல நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" அவர் போனை வைத்துவிட்டார்.

லாரி ஓட்டும் கணவன் பக்கத்தில்தான் இருந்தான். "எதுக்கு அவரைப் பகைச்சுக்கறே? காய்ச்சல்தான் விட்டுடுச்சே, பேசாம போயிட்டு வந்துடேன்."

"நாளைக்கு நான் அடைச்ச பன்னை நம்ம பொண்ணுக்குக் குடுப்பீங்களா?"

அவன் அவளுடைய போனை எடுத்து அவளிடமே நீட்டினான்.

அவள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் ஒரே பாட்டு. போனை மேசைமேல் வைத்துவிட்டுத் துவைத்த துணியையெல்லாம் மடித்து முடித்தாள். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "கையெழுத்து போட மாட்டேன்னா விடுங்க. மறுத்தவர் பேரும் பதவியும் எழுத அஞ்சாவது பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு. எழுதி அனுப்புங்க, நாங்க அவரை விசாரிச்சுக்கறோம்" என்றது.

வக்கீலம்மா சூப்பர்வைசருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினாள். 'சார், உங்கள் முழுப் பெயரையும் பதவியையும் பிழையில்லாமல் எழுதி அனுப்பவும். கையெழுத்திட மறுத்தவர் என்ற கட்டத்தில் நிரப்ப வேண்டும்.'

அரைமணி நேரத்தில் கையெழுத்துப் போட்ட மூன்றாவது பக்கமே போனில் வந்து சேர்ந்தது.

அவளைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் அதே வரிசையில் வேலை செய்கிறவள். தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, எனக்கும் பத்து நாளா வயிறு இப்படித்தான் இருக்கு. மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டிருக்கேன். சோதனைன்னு உக்காந்துட்டா அந்த நாளுக்கு வீட்டுக்கு என்ன பண்றது?"

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாள்! அத்தனை பன்! திட்டு வாய்வரை வந்தது. ஆனால் இந்த உதவித்தொகை வருவதற்கு முன்னால் அவளே ஒருமுறை காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போனவள்தான். திட்டை விழுங்கிவிட்டு, "கண்ணைத் துடை. காலையில டாக்டர்கிட்ட முதல் டோக்கன் உன்னுது. அந்தக் கையோட பாரத்தையும் நிரப்பிடலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மாவின் முடிவு வந்தது. கிருமி எதுவும் இல்லை. செவ்வாயன்று நாத்தனாரின் முடிவு வந்தது. கிருமி இருந்தது.

தொழிற்சாலை ஆடிப்போயிற்று. வெளியே போன சரக்கையெல்லாம் திருப்பி வரவழைத்தார்கள். கிரீம் மெஷினைக் கழற்றிப் பகுதி பகுதியாகக் கழுவினார்கள். வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரையும் சோதனைக்கு அனுப்ப உத்தரவாயிற்று. சூப்பர்வைசர் வக்கீலம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அந்த பாரம் எங்க கிடைக்கும்? பன்னண்டு வேணும்."

"பன்னண்டு எப்படி சார் போதும்? தினமும் ரெண்டு பன் ருசி பாக்கறீங்களே, உங்களுக்கு?"

அவர் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப பதிமூணா எடுங்க."

அவருடைய பாரத்தில் மேனேஜரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நல்ல வேளை, பதின்மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

நாத்தனார் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினாள். காத்திருந்த நாள்களுக்கு உதவித்தொகையும் மருந்து சாப்பிட்ட நாள்களுக்கு நோய் விடுப்புச் சம்பளமும் வந்ததில் வீடு தடுமாறவில்லை. பத்து நாள் மறைத்ததற்கு மேனேஜர் கண்டித்தபோது, "தப்புதான் சார், இனிமே நடக்காது" என்று நிமிர்ந்து நின்றே சொன்னாள்.

அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் நின்ற, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை வெளியே போய் வந்தாள். எதிர்ப்பக்கம் நின்ற வக்கீலம்மா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் நாத்தனார் கையுறையைக் கழற்றியாயிற்று.

"வா, இப்பவே போய் டாக்டரைப் பாத்துடலாம். மத்ததெல்லாம் எப்படின்னு வழியில சொல்றேன்."