மீ மர்டரர்

"மீ மர்டரர்! மீ மர்டரர்!"

தமிழ் தெரியாத வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு கத்தியது இவ்வளவுதான். நர்ஸ் போலீஸுக்கு போன் போட அது போதுமே! கணவன் ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்து செத்திருக்கிறான். வீட்டில் இருந்ததோ இவர்கள் இருவர் மட்டும்.

ஸ்டேஷனுக்கு மொழிபெயர்க்க வந்த தமிழ் இளைஞன் அவளுக்கும் போலீஸ் அதிகாரிக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை பிசகினால் அவள் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"அக்கா, அந்த இங்கிலீஷ் வார்த்தையை எங்க புடிச்சீங்க?"

"டி.வி.யிலதான் தம்பி. துப்பறியும் நாடகம்னா அவருக்கு உசிரு. ஆரம்பிச்ச உடனே, 'சமையல்காரன்தான் மர்டரர், வேணா பாரு'ம்பாரு. ஒரு நாளாவது சரியாச் சொல்லணுமே! கடைசியில சமையல்காரனே செத்துக் கிடப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அழுகையாகத் திரும்பியது.

"காலையில என்ன நடந்துச்சு?"

"பாத்ரூம் பல்பு போயிடுச்சு. 'தலை சுத்துது, அப்புறமா மாத்துறேன்'னாரு. நான் சும்மா இருந்தேனா? 'வேலைன்னா மட்டும் உங்களுக்குத் தலை சுத்துமே'ன்னேன். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. நான் அடுப்பை அணைச்சுட்டு வர்றதுக்குள்ள... நான்தான் கொன்னேன் தம்பி. அப்படியே சொல்லு அந்த ஆபீசர்கிட்ட."

"என்ன சொல்கிறாள்?" அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். "கொன்றதாகவா?"

கடைசி வரியை மட்டும் சொன்னால் கதை முடிந்தது. அதை முழுங்கினால் செய்யும் தொழிலுக்குத் துரோகம். அவன் பல்பிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். பறிகொடுத்தவர்கள் எங்கள் பாஷையில் இப்படித்தான் அழுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

அதிகாரி பேனாவை மூடினார். மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

"மர்டரர் என்றால் வேண்டுமென்றே கொன்றவள். அசாஸின், தலைவர்களைத் தீர்த்துக்கட்டுகிறவன். வெறும் கில்லர்கூட இவளுக்குப் பொருந்தாது. இனி அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்."

சொன்னான். கடையில் அளவு சரியில்லாத செருப்பைத் தள்ளி வைப்பவள் போல அவள் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள்.

"இன்னும் சின்னதா ஒண்ணும் இல்லையா தம்பி? வாயாலயே கொன்னவளுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லக்கா."

"அப்ப உள்ள போட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அவன் மூச்சு விட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ஆபீசரு வேற ஏதாவது கேக்கணும்னா கேக்கச் சொல்லு தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."