கடல்காற்று நகரின் குரல்

திருப்போரூரில் தீனதயாளனின் குரலைக் கேட்காத காது கிடையாது. தர்மராஜ் விற்கும் மனைகளுக்கெல்லாம் விளம்பரக் கேசட்டில் பேசுவது அவன்தான். "கடல்காற்று நகர்! மாமல்லபுரம் பத்தே நிமிடம்! பத்திரம் பக்கா!" என்று 2004இல் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக அலறியது. பத்து நிமிடத்தில் மாமல்லபுரம் போக ஹெலிகாப்டர்தான் வேண்டும். அதை தர்மராஜ் விளம்பரத்தில் சேர்க்கவில்லை.

அந்தக் கேசட் பேசிய மாதத்தில்தான் தீனதயாளனின் காதுக்குள் ஒருத்தன் குடிவந்தான். "டேய், அது ஏரிடா. மழ வந்தா முழுகிப்பூடும்டா" என்று பொழுதெல்லாம் அதட்டினான். சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை. தீனதயாளன் அவனைக் கட்டிலடியில் தேடினான், பீரோவுக்குள் தேடினான், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தான்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தர் வேப்பிலை அடித்தார், இன்னொருத்தர் தாயத்து கட்டினார். தர்மராஜ் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "சாமியா இருந்தா, அடுத்த சைட்டு எங்க வாங்கலாம்னு கேட்டு சொல்லுப்பா" என்றார். சாமி ஏரியைப் பற்றிச் சொன்னது மட்டும் அவர் காதில் விழவே இல்லை.

மனைவி தெய்வநாயகிதான் செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் அவனை இழுத்துப் போனாள். டாக்டரம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உங்க உதடு அசைஞ்சுது. அவன் என்ன சொன்னான்?"

"ஏரின்னான்."

"நாம பேசறதுக்கு முன்னாடியே, 'வரப்போறது நம்ம குரல்தான்'னு மூளை உள்ளுக்குள்ள தகவல் சொல்லி வெச்சிடும். உங்களுக்கு அந்தத் தகவல் சரியாப் போகலைன்னு நெனைக்கிறோம். அதான், நீங்க நெனைக்கிறதே யாரோ பேசறாப்ல கேக்குது. மாத்திரைய விடாமப் போடுங்க."

மூன்று மாதத்தில் காதுக்காரன் காலி செய்துவிட்டான். ஏரி மட்டும் போகவில்லை. தர்மராஜ் மனை போட்ட அந்த ஏரியில் சின்ன வயதில் நீந்தியவன் தீனதயாளன். அடுத்தவன் சொன்னவரைக்கும் திட்டித் தீர்க்கலாம். இப்போது சொல்வது தான்தான் என்று ஆனபின் யாரைத் திட்டுவது? அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் துரை செய்யூரிலிருந்து வந்தான். மல்லாட்டை என்னும் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விற்றுவிட்டு, கடல்காற்று நகரில் மனை வாங்க வந்திருந்தான். இருந்ததே அந்த நிலம்தான்.

"வாங்காத மச்சான், அது ஏரி" என்றான் தீனதயாளன்.

"யாரு, காதுல பேசறவன் சொன்னானா?"

"இல்ல. நான்தான் சொல்றேன். அங்க நீந்திக்கீறேன்."

துரை அக்காவைப் பார்த்தான். "மாத்திர போட்டாரா?"

"போட்டதாலதான்டா பேசறாரு. கேளு" என்றாள் தெய்வநாயகி.

அப்போது தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. பத்திரம் பக்கா என்று ஜன்னல் கம்பி அதிர்ந்தது. துரை சிரித்துவிட்டான்.

"இன்னா மாமா, ஊரு பூரா பக்கான்னு கூவிக்கினு, எங்கிட்ட மட்டும் ஏரின்றியே. இது யாரு கொரலு?"

மருத்துவர் பக்கத்தில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். தன் குரலை அடையாளம் காண நோயாளி கொஞ்சமும் தடுமாறவில்லை. தலையை மட்டும் தூக்க முடியவில்லை.

"என் கொரலுதான்."

"அப்ப சரி" என்று பணப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துரை தர்மராஜ் ஆபீசுக்குக் கிளம்பினான்.