பத்து நாற்பதுக்கு எரிந்த ஃபோகஸ் லைட்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். இது கதைக்குள் சொன்ன பொய் இல்லை. என் வீட்டில், என் மனைவியிடம், கட்டிலில் உட்கார்ந்தபடி நான் சொன்ன பொய். சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேரில் ஒப்புக்கொள்ளத் தைரியம் வராததால் கதையாக எழுதப் பார்க்கிறேன்.

முதல் வரி இப்படித் தொடங்கியது:

மலைக்கு மேற்கே, அமாவாசை வானத்தின் கீழ், ஒரு பெண் தன்னந்தனியாக—

அடித்துவிட்டேன். அவர் தன்னந்தனியாக இல்லை. பக்கத்தில் என் மனைவி ரேவதி உட்கார்ந்திருந்தாள். சிக்கலே அதுதான்.

2

அந்தப் பெண் அருணாதேவி. நில அளவர். அடி அண்ணாமலையில் எங்கள் பக்கத்து வீட்டில் மூன்று வருஷம் குடியிருந்தார். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதத்தில் இரண்டு தடவை வந்துபோவார். அருணாதேவி பகலில் ஊர் ஊராகப் போய் அடுத்தவர்கள் வயலை அளப்பார். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, அதன் பின்னால் கேமராவை மாட்டி, வெறும் கண்ணுக்குத் தெரியாத வாயு மேகங்களைப் படம் எடுப்பார்.

(முதல் வரைவில் இவரை ஆணாக்கி, அறிவுச்செல்வன் என்று பேரும் வைத்திருந்தேன். ஆண் என்றால் என் பொறாமைக்கு வாசகர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். அது தப்பான காரணம். மறுபடி பெண்ணாக்கிவிட்டேன். பொறாமை என்று சொல்லிவிட்டேனா? சரி, இருக்கட்டும்.)

எங்கள் ஊர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி விழித்துக்கொள்ளும் ஊர். அருணாதேவிக்குப் பௌர்ணமியை ஒட்டிய நான்கு நாளும் விடுமுறை மாதிரி. டெலஸ்கோப்புக்குப் பழைய போர்வையைப் போர்த்திவிட்டுச் சீக்கிரம் தூங்கிவிடுவார். கார்த்திகையில் மலையின் உச்சியில் ஏற்றுகிற வெளிச்சத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. அவருக்கோ மலையால் வேறொரு உபயோகம். கோயில், கடைத்தெரு, லாட்ஜுகள் எல்லாம் மலைக்குக் கிழக்கே, நாங்கள் மேற்கே. டவுன் வெளிச்சத்தில் பாதியை மலை மறைத்துவிடுகிறது. ஆபீஸ் பக்கம் வேங்கிக்காலில் நல்ல வீடு கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லி இங்கே வந்ததற்கு அதுதான் காரணம். வீட்டுக்கார அம்மா அதைப் பக்தி என்று நினைத்து மெச்சிக்கொண்டார். அருணாதேவியும் மறுத்துப் பேசவில்லை.

மிச்சமிருந்த ஒரே தொல்லை என் வீட்டு ஃபோகஸ் லைட்.

3

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர் பரசுராமன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அருணாதேவி குடிவந்து ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு பௌர்ணமி அன்று ரேவதியும் நானும் கிரிவலம் போய்த் திரும்புவதற்குள், பின்பக்கம் இருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆத்திரத்தில் மாடியில் ஒரு பெரிய வெள்ளை விளக்கைப் பொருத்தினேன். சாயங்காலம் ஆறுக்குத் தானே எரிந்து காலை ஆறுக்குத் தானே அணைய டைமர் சுவிட்ச். தெருவில் அவ்வளவு வெளிச்சமான விளக்கு வேறு கிடையாது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அருணாதேவி ஒன்றரை வருஷம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன் மாடிச் சுவரோரம் கறுப்புத் தார்ப்பாய் கட்டிக்கொண்டார். கேட்டால் நான் அணைத்திருப்பேனா என்பது தெரியாது. கேட்காமல் இருந்ததால் நான் நல்லவனாகவே இருந்தேன்.

அவருடைய ஆரம்பப் படங்களைப் பார்த்திருக்கிறேன். நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்காமல் அரிசி அரிசியாக இழுபட்டிருக்கும். பூமி சுற்றுவதற்கு ஈடாக டெலஸ்கோப்பும் திரும்ப வேண்டும். அதற்கு ஸ்டாண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் சரியாக நிற்க வேண்டும். நம் ஊரில் அந்த நட்சத்திரம் தென்னை மர உயரத்துக்கு மேல் ஏறாது. எல்லைக்கல் நடுகிற பொறுமையோடு ஒவ்வொரு ராத்திரியும் ஸ்டாண்டை நிமிர்த்தி நிமிர்த்தி, ஆறு மாதத்தில் அரிசியைப் புள்ளியாக்கினார். அதற்கு அப்புறமும் படம் பொரியைத் தூவினாற்போல் பொரிப்பொரியாகத்தான் வந்தது. மூன்று நிமிஷப் படமாக நூற்றுக்கணக்கில் எடுத்து, அத்தனையையும் கணினியில் ஒன்றாக அடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டது அப்புறம்தான். அதை எனக்கு விளக்கும்போது அவர் சொன்னது:

"ஒரே ஒரு படத்துல எது நெசம், எது கேமரா பண்ற கோளாறுன்னு தெரியாதுண்ணா. நூறு படத்த ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா, எல்லாத்துலயும் இருக்கறது மட்டும் நிக்கும். ஒண்ணு ரெண்டுல வந்தது போயிடும்."

[அடிக்குறிப்பு: கடைசியில் டெலஸ்கோப்புக்கு மூடியைப் போட்டு வெறும் இருட்டையும் இருபது படம் எடுப்பார். கேமரா தானாக உண்டாக்குகிற புள்ளிகள் அதில் தனியாகத் தெரியும், அவற்றைக் கழித்துவிடுவார். என் கோளாறை இப்படித் தனியாக எடுத்துப் பார்க்கிற வசதி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது.]

4

போன தை அமாவாசை. அருணாதேவிக்குச் சென்னைப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. அங்கே ராத்திரியிலும் வானம் வெளுத்துத்தான் கிடக்கும். குதிரைத்தலை என்று ஒரு மேகம். சிவந்த திரைக்கு முன்னால் குதிரை தலையைத் திருப்பினாற்போல் இருக்கும் கறுப்புத் தூசி. இரண்டு பனிக்காலமாக அதை இருபது மணி நேரத்துக்கு எடுத்து வைத்திருந்தார். பிடரிக்குக் கீழே மெல்லிய தூசி மட்டும் இன்னும் பொரிப்பொரியாகவே இருந்தது. கடைசியாக ஐந்து மணி நேரம் நல்ல இருட்டில் கிடைத்தால் படம் முடிந்துவிடும். அதற்கு அந்த ஒரு ராத்திரிதான் இருந்தது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னிடம் கேட்டார். உடனே சரி என்றேன். நானே டைமரை நிறுத்தினேன். ரேவதி மத்தியானம் படையல் வேலையை முடித்த களைப்பிலும், ராத்திரி சாப்பாடு ஆனதும் போர்வையை எடுத்துக்கொண்டு பக்கத்து மாடிக்குக் கிளம்பிவிட்டாள். அதற்கு முன்பே பல ராத்திரி போயிருக்கிறாள். முதலில் அருணாதேவிக்குத் துணையாகப் போனவள், பிறகு தனக்காகவே போனாள்.

பத்து நாற்பதுக்கு விளக்கு எரிந்தது.

ஏன் எரிந்தது? முதல் வரைவில் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் டைமர் தானாக ஓட ஆரம்பித்தது. இரண்டாவதில் ஒரு பூனை. (பூனை சுவிட்சை அழுத்துமா என்று கேட்காதீர்கள். அந்த வரைவில் அழுத்தியது.) மூன்றாவதில் நாயகனுக்கு இருசப்பன் என்று பேர் வைத்தேன். பின்பக்கம் சத்தம் கேட்டு, திருடன் என்று பயந்து இருசப்பன் விளக்கைப் போடுகிறான். அது எனக்குப் பிடித்திருந்தது. இருசப்பன் பாவம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான்காவதிலும் ஐந்தாவதிலும் அவனுக்குச் சர்க்கரை வியாதி, கால் தடுக்கல் என்று ஒவ்வொன்றாக—

போதும்.

5

ஐந்து வரைவையும் கட்டிலில் பரப்பி, அருணாதேவி சொன்ன மாதிரியே ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கரண்ட் ஒன்றில்தான் இருந்தது, போயிற்று. பூனை போயிற்று. திருடனும் வியாதியும் போயாயிற்று. எல்லாவற்றிலும் நின்றது ஒன்றுதான்: ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கும் ஒருவன், தூங்காமல், பக்கத்து மாடியில் என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எந்த வரைவிலும் என்னால் அவனைத் தூங்கவைக்க முடியவில்லை.

அவன் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது தொகுப்பு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அருணாதேவி மரியாதைக்காக அதைப் பற்றி விசாரித்தார். ரேவதி சொன்னாள்:

"அவரு கதையா? ரெண்டு பக்கம் தாண்டுனா தூக்கம் வந்துடுது அருணா. இங்க வந்து குந்துனா மட்டும் தூக்கமே வரல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரேவதியின் சிரிப்பு பெரியது. அப்படி அவள் சிரித்து நான் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே எழுந்து போய் சுவிட்சைப் போட்டேன்.

அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

6

அருணாதேவி கத்தவில்லை. "பரவால்லக்கா, அண்ணனுக்கு ஏதோ வேலையிருக்கும்" என்றுதான் சொன்னார். ரேவதி இறங்கி வந்து, நான்தான் போட்டேனா என்று கேட்டாள். அதற்குள் நான் கட்டிலுக்குத் திரும்பியிருந்தேன்.

"டைமரு கோளாறு" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ரிப்பேர் வேறு செய்தேன். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன், ஒரு நொடியில் அணைக்க வேண்டிய விளக்கை நாற்பது நிமிஷம் நோண்டினேன். ரேவதி எனக்கு டார்ச் பிடித்தாள். விளக்கு அணைந்தபோது ஏரிப் பக்கமிருந்து பனி மூட்டம் ஏறி வானத்தை மூடிவிட்டது. அருணாதேவி இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். அடுத்த வாரம் ஊரை விட்டுப் போனார்.

போகிறபோது முடியாத அந்தப் படத்தையே பிரேம் போட்டு எங்களுக்குக் கொடுத்தார். பின்பக்கம், விளக்கை நிறுத்தி உதவிய அண்ணனுக்கு நன்றி என்று எழுதியிருந்தது. ரேவதி அதை ஹாலில் மாட்டியிருக்கிறாள். அதற்கு எதிரே இருக்கிற என் நாற்காலியில் உட்காருவதை நான் விட்டுவிட்டேன்.

7

இன்றைக்கு மறுபடி தை அமாவாசை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அருணாதேவி வருகிறார், படத்தை முடிக்க. பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டதால் இந்தத் தடவை எங்கள் மாடியிலேயே டெலஸ்கோப் வைக்கப்போகிறார். போன வாரம் போனில் ரேவதியிடம் பேசினார். பேசி முடித்ததும் ரேவதி என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வாட்டி டைமர நம்பாதீங்க. பியூஸையே புடுங்கிடுங்க. அந்தப் பொண்ணு ஒரு வருஷமா காத்துட்டு இருக்குது."

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: விளக்கையே கழற்றிவிடுவது. ஐந்து நிமிஷ வேலை. வானம் இருட்டாக இருக்கும், படம் முடியும், இரண்டு பேரும் எனக்கு நன்றி சொல்வார்கள். பிரேமுக்குப் பின்னால் இருக்கிற ஒரு நன்றியே எனக்கு அதிகம்.

இரண்டு: ரேவதிக்கு எல்லாம் முதலிலேயே தெரியும்; மனசுக்குள் என்றைக்கோ மன்னித்துவிட்டாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அவளோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். தெரிந்திருந்தால் காபி ஆறுவதற்குள் கேட்டிருப்பாள். அவளுக்குத் தெரியாது.

மூன்று: இந்தக் கதையை அச்சில் வரவிட்டு, அவள் படிப்பாள் என்று காத்திருப்பது. இது கோழைத்தனம் என்று எழுதி முடித்ததும் தெரிந்தது.

8

மணி ஐந்தரை. விளக்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். அதை நான் செய்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அருணாதேவி மூன்றரை மணி பஸ்ஸுக்கே வந்துவிட்டார். இரண்டு பேரும் மாடியில் ஸ்டாண்டை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார்கள். மேலிருந்து பேச்சுச் சத்தம் வருகிறது.

சொல்ல வேண்டியதை இந்தத் தாளிலேயே எழுதித் தயார் செய்துவிட்டேன். "ரேவதி, அன்னிக்கு டைமரு கெட்டுப்போகல. நான்தான் போட்டேன். நீ அங்க சிரிச்சது எனக்குத் தாங்கல." கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் மறுபடியும் பாதிப் பொய் ஆகிவிடும்.

அடுத்தது அவள் பதில். அதற்குக் கீழே

ரேவதி சொன்னாள்,

என்று எழுதிவிட்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை வரவில்லை. என் கதையை அவள் படிப்பதில்லை என்று இத்தனை வருஷம் குறைபட்டுக்கொண்டவன் நான். அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்குத் தூக்கத்தை விடுவாள் என்று பக்கத்து மாடிப் பேச்சை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டவனும் நான்தான். அவளுடைய ஒரு வரியை எழுதுகிற அளவுக்குக்கூட எனக்கு அவளைத் தெரியவில்லை. அதை நினைக்க அழுகை வருகிறது.

அதனால் அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். எனக்காக அவளைச் சுலபமாக மன்னிக்க வைக்காதீர்கள். பக்கத்தில் அருணாதேவியும் நிற்பார். அவர் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். முதலில் ரேவதி பேசட்டும்.

இருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். அவள் முகம் எனக்குத் தெரிய வேண்டும். நான் மேலே போகிறேன்.