புயலில் விழாத பக்கம்

2024 சனவரி 16, செவ்வாய்க்கிழமை. சுப்பீரியர் ஏரியிலிருந்து வடகிழக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருபத்தொரு பாகை. முந்தைய மாலையில் தொடங்கிய பனிப்பொழிவு விடியற்காலையிலும் ஓயவில்லை.

நகரப் பேருந்துகளின் தகவல் நிலையத்தில் ஐலா கோஸ்கெலா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். நகராட்சியிடமிருந்து அந்நிலையத்தை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த நிறுவனம், புயல் நாள்களில் மட்டும் அவளைப் போன்றோரை வேனில் ஏற்றி வந்தது. தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும் வரை வேலை, கூலி. ஒலி அடங்கினால் வீடு. வீட்டுக்குத் திரும்ப வேன் கிடையாது. பக்கத்து மேசையில், இந்த ஏற்பாட்டுக்கு நெடுங்காலமாகப் பழகிப்போன ரொலாந்த் திபோ, விரல் நுனிகள் வெட்டப்பட்ட கையுறையோடு காப்பிக் குவளையைப் பற்றியிருந்தாள்.

ஐலா அன்று காத்திருந்தது தொலைபேசிக்காக அல்ல. அவளுடைய மடிக்கணினித் திரையில், பேருந்துகளின் இணையப் பக்கத்தைத் திறப்போர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. அவள் கண்கள் அதனை விட்டு அகலவில்லை.

பனி கொட்டும் காலைகளில் ஊரே ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கும். மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய சர்வர் சுமை தாளாமல் படுத்துவிடும். அதன் பிறகு தொலைபேசிகள் அலறும். மாலைக் கல்லூரியில் நிரலெழுதக் கற்ற ஐலா, இலையுதிர்காலம் முழுவதும் தன் சமையலறை மேசையில் அமர்ந்து, ஊதியம் எதுவும் பேசாமல், அப்பக்கத்தை ஒரு மேகக் கணினிச் சேவைக்கு மாற்றினாள். அங்கே எந்த எந்திரத்தையும் தொட வேண்டியதில்லை. பக்கம் எவ்வாறு ஓட வேண்டும், கூட்டம் பெருகினால் அதற்கு எத்தனை பிரதிகள் எழ வேண்டும் என்பனவற்றை நிரலாக எழுதி அனுப்பினால், சேவை அதைப் படித்துத் தானே செய்து முடிக்கும். ஒரு புயலைப் பக்கம் தாங்கிவிட்டால் நிரந்தர வேலைக்குப் பரிந்துரைப்பதாக மேலாளர் கிரெய்க் மன்ரோ சொல்லியிருந்தார். மாற்றிய பிறகு வந்த முதற்புயல் இதுதான்.

“உன் குழந்த எழுந்துடுச்சா?” என்று ரொலாந்த் கேட்டாள்.

“பிரதி ஒண்ணு ரெண்டாச்சு. இப்ப மூணு” என்றாள் ஐலா. அவளுடைய கால் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றோடு நின்றுவிட்டது. கோடு ஏறிக்கொண்டே போயிற்று, பிரதிகள் பெருகவில்லை. பக்கம் தள்ளாடத் தொடங்கியது. ரொலாந்தின் தொலைபேசி ஒலித்தது. அதற்கடுத்து எதிர்மேசையில் ஒன்று. பிறகு அறை முழுவதும். ஐலா நிரலைத் திறந்து வரி வரியாக இறங்கினாள். சோதனைக் காலத்தில், செலவுக்கு அஞ்சி, மூன்றுக்கு மேல் வேண்டா என்று அவளே எழுதிய எல்லை அங்கே அப்படியே இருந்தது.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“சோதனைக்கு வச்ச எல்லைய எடுக்க மறந்துட்டேன்.”

“இப்ப எடேன்.”

“இப்ப ஏத்தி ஏதாவது தப்பாச்சுன்னா பக்கமே போயிடும், ரொலாந்த். ஊரே பாத்துட்டிருக்கு.”

“ஊரு பாக்கல புள்ள, என்னைக் கூப்பிட்டுத் திட்டுது. ஏத்து. உன் போனையும் நான் பாத்துக்கறேன்.”

ரொலாந்த் இரண்டாவது ஹெட்ஃபோனையும் வாங்கி, காதுக்கு ஒன்றாக அழுத்திக்கொண்டாள். ஒரு காதில் மருத்துவமனைச் செவிலி ஒருத்திக்கு ஏழாம் எண் பேருந்து இன்னும் ஓடுகிறது என்று பணிவாகச் சொன்னாள். மறு காதில் இரைந்த கிழவரிடம், பனியைத் தான் கொட்டவில்லை என்று எடுத்துரைத்தாள்.

ஐலா மூன்றை அழித்து இருபது என்று எழுதினாள். அனுப்பினாள். சேவை நிரலைப் படித்தது, சரிபார்த்தது, புதிய பிரதியை எழுப்பியது. புதியது பதில் சொல்லும் வரை பழையதை நிறுத்தலாகாது என்றும் அவளே எழுதியிருந்தாள். அவ்வரியை எழுதிய தன் கையை அப்போது அவள் மனமார வாழ்த்தினாள். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. அழைப்பை முடித்த இருவர் எழுந்து வந்து அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார்கள்.

வட்டம் பச்சையாயிற்று.

நான்கு. ஆறு. ஒன்பது. கோடு பாறை முகடுபோல் உயர, பிரதிகள் அதற்கு ஈடுகொடுத்து எழுந்தன. பக்கம் இமைப்பொழுதில் திறந்தது. தொலைபேசிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பனிக்காலைகளில் அமைதியையே அறியாத அந்த அறையில், வெந்நீர்க் குழாய் தட்டும் ஓசை முதன்முறையாகக் கேட்டது. ரொலாந்த் இரு ஹெட்ஃபோன்களையும் கழற்றிவிட்டு ஐலாவின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். யாரோ கைதட்டத் தொடங்க, அறையே தட்டியது. ஐலாவுக்குச் சிரிப்பு வந்தது.

கிரெய்க் ஒரு பெட்டி டோநட்டோடு வந்தார். ஐலாவின் கையைக் குலுக்கினார். மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு வருவதாகத் தன் அறைக்குள் சென்றார். ஐலா சர்க்கரை ஒட்டிய விரலால் திரையைச் சுட்டி, ஒவ்வொரு பிரதியையும் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த கிரெய்க், அழைப்பு எதுவும் வராததால் ஒருவர் மட்டும் இருந்தால் போதும், மற்றவர்கள் புறப்படலாம் என்றார். தான் பக்கத்தைக் கவனித்துக்கொள்வதாக ஐலா சொன்னாள். அவர் டோநட் பெட்டியைப் பார்த்தார்.

“அது தானா ஓடுதுன்னு மேல சொன்னேன், ஐலா. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. தானா ஓடுறதுக்கு ஒரு ஆள் எதுக்குன்னு கேக்குறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

நிரந்தர வேலை பற்றி வசந்தத்தில் மீண்டும் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி, மீதமிருந்த டோநட்டுகளைப் பெட்டியோடு அவள் கையில் வைத்தார்.

பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் பனி முழங்காலளவு புகுந்திருந்தது. ரொலாந்த் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டாள். ஐலா கையுறையைப் பல்லால் கழற்றிக் கைப்பேசியில் பக்கத்தைத் தொட்டாள். விரலை எடுப்பதற்குள் அது திறந்தது. அதைக் கண்டு அவள் நெஞ்சு இன்னும் ஒருமுறை துள்ளிற்று.

“என்னா வேகம்டி” என்று எட்டிப் பார்த்தாள் ரொலாந்த். “என்ன சொல்லுது?”

அவர்கள் ஏற வேண்டிய ஏழாம் எண் பேருந்து இன்று இனி ஓடாது என்றது பக்கம். ஐலா மறுபடியும் தொட்டாள். மறுபடியும் அது உடனே திறந்தது. இருவரும் சாலையின் நடுவில், பனியள்ளும் வண்டி விட்டுச்சென்ற தடத்தில், ஒருவர் பின் ஒருவராக நடக்கத் தொடங்கியபோது காலை மணி ஏழு பதினெட்டு.