பதினொன்றரை மணிக் கேபின்

இறந்துபோன கணவர் ஒடிலோவின் கம்பளிச் சட்டைக்கு எர்னா கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆம்ப்ரோஸ் உள்ளே வந்தான். பூட்ஸில் அப்பியிருந்த பனியைத் தட்டக்கூட இல்லை. கேபிள் கார் நிலையத்தின் பொறுப்பாளன். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினான்.

“எர்னா, டூரிஸ்ட் கமிட்டில பேசிட்டாங்க. இன்னைக்குச் சனிக்கிழமை. பழைய விருந்தாளிங்க இறங்கறாங்க, புதுசா ஆயிரத்தைந்நூறு பேர் ஏறறாங்க. ஒடிலோவ சாயங்காலம் கடைசி கேபின்ல இறக்கிடலாம். அடக்கத்த நாளைக்கு வெச்சுக்கலாம்னு பாதிரியார்கிட்டயும் சொல்லியாச்சு.”

“கீழ சர்ச்சுல ரெண்டு மணிக்குப் பூசை. பதினொன்றரை கேபின்ல இறங்கறோம்.”

“கொஞ்சம் யோசி. லீவுக்கு வர்றவன் கண்ணுல முதல்ல சவப்பெட்டியா படணும்?”

“முப்பத்தோரு வருஷம் அவங்க பெட்டிய இவர் தூக்கினார். இன்னைக்கு ஒரு நாள் இவர் பெட்டிய அவங்க பார்க்கட்டும்.”

“உன் வீட்ட விடுதிப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. நான் சொல்லலேன்னு இருக்கக் கூடாது.”

“எடுக்கட்டும். நீ போய் உன் வேலையப் பாரு.”

அவன் போன பிறகு தரையில் இரண்டு சின்னக் குட்டை மாதிரித் தண்ணீர் தேங்கியிருந்தது. மகள் ஃபாபியென் துணி எடுத்து வந்து துடைத்தாள். பெர்ன் நகரத்திலிருந்து நேற்றுத்தான் ஏறி வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரே விஷயம்தான் அவள் வாயில் முட்டிக்கொண்டிருந்தது.

ஊருக்குச் சாலை கிடையாது. வருகிறவர்கள் காரைப் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டுக் கேபினில் ஏற வேண்டும். அவர்கள் பெட்டிகளை ஏற்றிப் போக மேலே பேட்டரி வண்டியோடு ஒடிலோ நிற்பார். பத்து வருஷத்துக்கு முன்னால் சாலை போடலாமா என்று ஊரில் ஓட்டெடுப்பு வந்தபோது, பள்ளிக்கூட ஹாலில் எழுந்து நின்று வேண்டவே வேண்டாம் என்று முழங்கியவரும் அவர்தான். ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் சாலை தோற்றது. வியாழக்கிழமை மத்தியானம் அவருக்கு நெஞ்சு வலித்தபோது பலத்த காற்று கேபினை நிறுத்திவிட்டது. ஹெலிகாப்டர் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் திரும்பிப் போனது. சமையலறை மேஜையின் விளிம்பைப் பிடித்தபடி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

“ரோடு இருந்திருந்தா ஆஸ்பத்திரி அரை மணி நேரம்மா,” என்றாள் ஃபாபியென், தரையைப் பார்த்தபடியே. “தன் வழிய அப்பாவே அடைச்சுக்கிட்டார்.”

“நான் ரோடு வேணும்னுதான் ஓட்டுப் போட்டேன்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “அப்பாவுக்குத் தெரியுமா?”

“திரும்பி வர்ற வழியிலேயே சொல்லிட்டேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டார். மூணாம் நாள் ரொட்டில சீஸ் வெச்சுக் குடுத்து, ‘உன் ஓட்டு உன்னுது’ன்னார்.”

“இப்ப உனக்குக் கோபமே வரலையா?”

“வருது. வராம இருக்குமா? அது எனக்கும் அவருக்கும் நடுவுல. கமிட்டிக்கு அதுல பங்கு கிடையாது.”

தொலைபேசி அடித்தது. “எடுக்காதம்மா,” என்றாள் மகள். எர்னா எடுத்தாள்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்திலிருந்து ஒரு பெண். ஈஸ்டருக்கு ஒரு வாரம் தங்கத் திட்டம். இரண்டு அறை வேண்டும். காரை எங்கே விடுவது, கடை எவ்வளவு தூரம், பால்கனியில் வெயில் எப்போது வரும் என்று எழுதிவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எர்னா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“இன்னொண்ணு. எங்கம்மா கூட வர்றாங்க. எண்பத்திரண்டு வயசு, இதயத்துல கோளாறு. திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா?”

ஃபாபியென் தலையை நிமிர்த்தினாள். எர்னா பெட்டியைப் பார்த்தாள். ஒடிலோவின் தாடையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன நரைமுடி ஒன்று வெளிச்சத்தில் தெரிந்தது.

“காத்து இல்லாத நாள்னா ஹெலிகாப்டர் பத்து நிமிஷத்துல வந்துடும்,” என்றாள். “காத்து அடிச்சா யாரும் வர மாட்டாங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.”

அந்தப் பெண் அதை யாரிடமோ திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு கிழட்டுக் குரல், காது மந்தமானவர்களுக்கே உரிய சத்தத்தோடு: “என்னவாம்? சாகறதுக்கு எங்கேயும் சாகலாம்னு சொல்லு! பால்கனி இருக்கான்னு கேளு!”

“பால்கனி இருக்கு,” என்றாள் எர்னா. “பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

ஒடிலோவின் வண்டியை ஃபாபியென் ஓட்டினாள். பெட்டி பின்னால், எர்னா அதன் பக்கத்தில் நடந்தாள். பின்சந்து வழியாகப் போனால் கூட்டம் இருக்காது என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் காதில் வாங்காமல் பெரிய தெரு நடுவிலேயே போனார்கள். பனிச்சறுக்குப் பலகைகளோடு வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். சிலர் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். எர்னா நின்று, அவன் அதைக் கீழே இறக்கும்வரை அவனையே பார்த்தாள்.

நிலையத்தில் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்றான். எர்னா வாசலில் வந்து நின்றாள். மணி பதினொன்றரை அடித்ததும் ஆம்ப்ரோஸ் தடுப்பைத் திறந்தான்.

“நாங்க எப்ப போறது?” என்றார் வரிசையின் முன்னால் நின்றவர்.

“அடுத்தது பன்னிரண்டு நிமிஷத்துல,” என்றாள் எர்னா.

ஏறி வருகிறவர்கள் கண்ணில் பெட்டி படாதபடி கேபினின் கண்ணாடிகளை யாரோ உள்பக்கமாக நீலத் தார்ப்பாயால் மறைத்துக் கட்டியிருந்தார்கள். கதவு மூடிக்கொண்டு, கேபின் ஒரு குலுக்கலோடு நகர்ந்ததும் எர்னா கையுறையைக் கழற்றிவிட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள். மூன்றாவது முடிச்சு இறுகியிருந்தது. ஃபாபியென் எழுந்து வந்து அதைப் பல்லால் இழுத்தாள். நாலாபக்கமும் வெயில் உள்ளே விழுந்தது.

எர்னா தார்ப்பாயை நான்காக மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கீழிருந்து ஏறி வந்த கேபின் நிறைய முகங்களோடு பக்கத்தில் நெருங்கியது, கடந்தது. அவள் காலை நீட்டிக்கொண்டாள்.